ஃப்ரைட் ரைஸ் வீட்டிலா, கடையிலா? அடுப்பைப் பார்த்து முடிவு செய்வோம்

போன வருடம் மகனின் பிறந்தநாளுக்கு எட்டுப் பேருக்கு வீட்டிலேயே ஃப்ரைட் ரைஸ் செய்கிறேன் என்று கிளம்பினேன். ஒரு கிலோ பாசுமதி, மூன்று பாட்டில் சாஸ், இரண்டு பாக்கெட் மசாலா, வீட்டில் இருப்பதிலேயே பெரிய நான்ஸ்டிக் கடாய். ஒரு மணி நேரம் கழித்துத் தட்டில் விழுந்தது சோயா சாஸ் ஊற்றிய வெஜிடபிள் பொங்கல். வந்த பிள்ளைகள் நல்லவர்கள், சாப்பிட்டுவிட்டார்கள். என் மகன்தான் ராத்திரி படுக்கும்போது கேட்டான்: "அம்மா, அடுத்த வருஷம் கடையிலயே வாங்கிடலாமா?"

எங்கள் தெருமுனையில் சாயங்காலம் ஆறு மணிக்குமேல் ஒரு ஃபாஸ்ட் ஃபுட் வண்டி நிற்கும். மறுநாள் அங்கே போய் மாஸ்டரிடம் நேராகவே கேட்டேன். "தம்பி, நீங்க என்ன சாஸ் ஊத்துறீங்க?"

அவர் சிரித்தார். "சாஸ்ல ஒண்ணுமில்லக்கா. நீங்க ஊத்துறதைவிட நான் கம்மியாத்தான் ஊத்துவேன். வீட்டு அடுப்புல ஒரு தடவைக்கு ஒரு பிளேட்டுக்கு மேல போடாதீங்க. அவ்வளவுதான்."

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஒரு வருடமாக வெவ்வேறு பாத்திரம், வெவ்வேறு அரிசி, பாக்கெட், பாட்டில், சொந்தமாக அரைத்தது என்று எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். எதற்குக் காசு செலவழிக்கலாம், எதற்கு வேண்டாம், எப்போது பேசாமல் கடைக்கே போய்விடலாம் என்பதில் எனக்கு இப்போது ஒரு தீர்மானம் உண்டு. உங்கள் வீட்டுக்கு அது மாறலாம். ஆனால் கணக்கு ஒன்றுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாம் தேடும் ருசி சீனாவின் ருசி அல்ல. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கல்கத்தா பக்கம் கரும்பும் சர்க்கரை ஆலையுமாக வந்து இறங்கிய டாங் அச்சியூ என்பவரின் பெயரில்தான் அங்கே அச்சிப்பூர் என்ற ஊர் இன்னும் இருக்கிறது. பின்னால் வந்த ஹக்கா சீனர்கள் கல்கத்தாவின் டாங்கிரா பகுதியில் தோல் பதனிடும் தொழிலில் இறங்கினார்கள். அவர்களுடைய சமையலில் நம்முடைய பச்சை மிளகாயும் இஞ்சி பூண்டும் தூக்கலாக ஏறியதுதான் இன்று நாம் சொல்லும் 'சைனீஸ்'. சிக்கன் மஞ்சூரியனைச் செய்தவர் கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங். 1975-இல், பம்பாயின் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் என்று நம் குழம்புக்குத் தாளிப்பதுபோல் ஆரம்பித்து, கரம் மசாலாவுக்குப் பதில் சோயா சாஸ், கடைசியில் கார்ன் ஃப்ளார். மஞ்சூரியாவில் போய்க் கேட்டால் அவர்களுக்குத் தெரியாது. ஷெஸ்வானும் இப்படித்தான். சிச்சுவான் மாகாணச் சமையலின் உயிரே நாக்கை மரத்துப்போக வைக்கும் ஒருவகை மிளகு. நம் ஷெஸ்வான் சாஸில் அது கிடையாது. வெறும் காய்ந்த மிளகாய், பூண்டு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'அசல்' என்று நினைத்து நான் ஆன்லைனில் வாங்கிய ஆய்ஸ்டர் சாஸ் இன்னும் ஃபிரிட்ஜ் கதவில் நின்றுகொண்டிருக்கிறது. தெருமுனை ருசிக்கு அது தேவையே இல்லை. சமையல் குறிப்பில் எள் எண்ணெய் என்று எழுதியிருக்கிறதே, நம்மிடம் நல்லெண்ணெய் இருக்கிறதே என்று அதை ஊற்றியும் பார்த்தேன். சீனர்கள் வறுத்த எள்ளில் எடுப்பது வேறு, நம்முடையது வேறு. வீடு முழுக்கப் புளியோதரை வாசனை.

நெருப்பு

மாஸ்டர் சொன்ன ஒரு பிளேட் கணக்குக்கு வருவோம். வீட்டு கேஸ் அடுப்பின் பெரிய பர்னர் சுமார் 2 கிலோவாட் சூடு தரும். அதிலும் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் பாத்திரத்துக்குள் போகிறது, மீதி கடாயின் ஓரத்தில் ஏறி அடுப்படியைச் சூடாக்குகிறது. ஒரு லிட்டர் கொதிநீர் முழுவதும் ஆவியாக 2,260 கிலோஜூல் வேண்டும். நறுக்கிய கோஸும் கேரட்டும் பீன்ஸும் சேர்ந்து 100 கிராம் தண்ணீர் விட்டால், அதை ஓட்டவே நம் அடுப்புக்கு மூன்று நிமிடம் ஆகும். அந்த மூன்று நிமிடமும் காய் வதங்குவதில்லை, அவிகிறது. எட்டுப் பேருக்கான காயைக் கொட்டினால் என்ன ஆகும்? அதுதான் எங்கள் வீட்டில் ஆனது.

கடையில் ஓடுவது பெரிய ரெஸ்டாரென்ட் பர்னர், 19 கிலோ சிலிண்டர், ஹை பிரஷர் ரெகுலேட்டர். சூடு வீட்டு அடுப்பைப் போலப் பத்து மடங்கும் அதற்கு மேலும் போகும். வண்டிக்கு இரண்டடி தள்ளி நின்றாலே முகத்தில் அடிக்கும். கன்டோனியர்கள் 'வொக் ஹே' என்பார்கள், கடாயின் மூச்சு. சோறு கடாயை விட்டு எழும்பும்போது எண்ணெய்த் துளிகள் நெருப்பில் பட்டுக் கருகி வரும் அந்தப் புகைமணம்தான் அது. சமையல்காரர்களைப் படம் பிடித்து 2020-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, அவர்கள் ஒரு வினாடிக்குச் சுமார் மூன்று முறை கடாயை ஆட்டுகிறார்கள். 1,200 டிகிரி வரை போகும் சூட்டிலும் அரிசி கருகாமல் தப்புவது அந்த வேகத்தால்தான். அந்த வேலை செய்பவர்களுக்குத் தோள்வலி சகஜம் என்பதுதான் அந்த ஆய்வுக்கே காரணம். எங்கள் மாஸ்டரும் இடது தோளில் எப்போதும் ஒரு பிளாஸ்டர் ஒட்டியிருப்பார்.

அப்படியானால் வீட்டிலும் ஒரு ஹை பிரஷர் அடுப்பு வாங்கிவிடலாமா? வீடியோக்களில் சிலர் 14.2 கிலோ வீட்டு சிலிண்டரிலேயே மாட்டிக் காட்டுகிறார்கள். வேண்டாம். வீட்டு ரெகுலேட்டர், ரப்பர் குழாய் எல்லாம் குறைந்த அழுத்தத்துக்கு என்று செய்தவை. மேலே பிளைவுட் அலமாரி, பக்கத்தில் கோதுமை மாவு டப்பா. ஒரு பிளேட் ஃப்ரைட் ரைஸுக்காக எடுக்கிற ரிஸ்க் இல்லை இது.

சரி, இருக்கிற அடுப்பில் என்ன செய்வது? கடைக்காரரைப் பார்த்து நாமும் கடாயைத் தூக்கித் தூக்கிப் போடக் கூடாது. அவருக்குத் தூக்கினாலும் நெருப்பு மேலே வரும். நாம் தூக்கினால் கடாய் ஆறுகிறது, அவ்வளவுதான். வீட்டில் செய்ய வேண்டியது நேர் எதிர்: பரப்பிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு முப்பது நாற்பது வினாடி சும்மா நிற்பது. அடிச்சோறு லேசாகப் பொரிந்து படபடவென்று சத்தம் வரும். அப்போது ஒரு புரட்டு. மறுபடி பரப்பு. மறுபடி சும்மா. கிளறிக்கொண்டே இருந்தால் சோறு உடையும், நிறம் பிடிக்காது. எனக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது, கரண்டி கையில் இருந்தால் கை சும்மா இருப்பதில்லை.

எந்தப் பாத்திரம்

நான்ஸ்டிக் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, ஒட்டாது, கழுவ லேசு. ஆனால் வெறும் கடாயைப் புகைய விட்டுச் சூடேற்றக் கூடாத பாத்திரம் அது. 260 டிகிரியைத் தாண்டினால் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும். ஃப்ரைட் ரைஸுக்கு வேண்டியதே புகைய விடுகிற சூடு. ஆக, இந்த வேலைக்கு நான்ஸ்டிக் ஆகாது. நூடுல்ஸுக்கு, மஞ்சூரியன் கிரேவிக்கு வைத்துக்கொள்ளலாம்.

இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 2,000 வாட்ஸ் என்று எழுதியிருந்தால் அதில் பெரும்பகுதி பாத்திரத்துக்கே போகிறது, ஓரத்தில் வீணாவதில்லை. தட்டையான அடியுள்ள இரும்புக் கடாய் இருந்தால் கேஸைவிட வேகமாகவே சூடேறும். உருண்டை அடிக் கடாய் மட்டும் ஆகாது. தூக்கினால் அடுப்பே நின்றுவிடும், ஆனால் தூக்கப்போவதில்லை என்றுதான் முடிவு செய்துவிட்டோமே.

இரும்புக் கடாய்தான் என் தேர்வு. பாத்திரக் கடையில் நான் வாங்கியது பன்னிரண்டு அங்குலம், கனமான தகடு. மூன்று பாட்டில் சாஸ், இரண்டு பாக்கெட் மசாலா, அந்த ஆய்ஸ்டர் சாஸ் எல்லாம் சேர்த்தால் கடாய் விலைக்குக் கிட்ட வந்துவிடும், கடாய் என் மகளுக்கும் உழைக்கும். வாங்கியதும் பழக்க வேண்டும்: நன்றாகத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, எண்ணெய் தடவிப் புகைய விட்டு, ஆறவிட்டு மறுபடி தடவி, இப்படி மூன்று நாலு தடவை. முதல் மாதம் முட்டை ஒட்டத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள். வினிகரும் சாஸும் போட்ட பண்டத்தை அதிலேயே விட்டுவைக்கக் கூடாது. பழக்கின மேல்பூச்சு போய்விடும், சோறும் இரும்பு வாடை அடிக்கும்.

கடாய் வாங்க மனமில்லையா? வீட்டில் தோசைக்கல் இருக்கும். சிரிக்காதீர்கள். இரண்டு பேருக்கான சாதத்துக்கு என் கையில் நன்றாக வந்தது தோசைக்கல்லில்தான். அகலம் அதிகம், சோறு ஒற்றை அடுக்காகப் பரவும், நாலைந்து நிமிடம் காயவிட்டால் கல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பல வருடம் பழகின கல் என்பதால் ஒட்டாது. இரண்டு தோசைத் திருப்பிகளை இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு கொத்துப் பரோட்டா மாஸ்டர் மாதிரி புரட்ட வேண்டும். அடுப்பைச் சுற்றி ஒரு கைப்பிடி சோறு சிந்தும். மறுநாள் காலை முதல் தோசை பூண்டு மணக்கும், அதை நான் எடுத்துக்கொள்வேன்.

பாக்கெட்டா, பாட்டிலா, அரைப்பதா

பாக்கெட் மசாலாவை நான் திட்டப்போவதில்லை. ஹாஸ்டலில் இண்டக்‌ஷன் வைத்திருக்கும் பிள்ளைக்கு அது வரப்பிரசாதம். ஆனால் பின்பக்கத்தைப் படியுங்கள். பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாகப் போட வேண்டும் என்பது விதி. நான் வாங்கிய இரண்டிலும் முதல் மூன்று இடத்துக்குள் உப்பும் சர்க்கரையும் மாவும் வந்துவிட்டன. சுவைகூட்டி 627, 631 என்று போட்டிருந்தால் அவை அஜினமோட்டோவின் பங்காளிகள், 621 என்றால் அஜினமோட்டோவேதான். எனக்குள்ள குறை இதெல்லாம் இல்லை. அந்த மாவு ஈரத்தை இழுத்துச் சோற்றின்மேல் பசைபோல ஒட்டுகிறது. உதிரி உதிரியாக வர வேண்டிய சாதத்துக்கு அதுவே வினை. நூடுல்ஸில் அவ்வளவு தெரியாது.

ஷெஸ்வான் சட்னி பாட்டில் ஒரு நல்ல சைடு டிஷ். அதைச் சமையலில் போட்டால் எதைச் செய்தாலும் ஒரே ருசிதான் வரும். முதல் தடவை ஆஹா, மூன்றாம் தடவை அலுப்பு.

அடுத்து, அடிப்படை பாட்டில்கள். டார்க் சோயா சாஸ், பச்சை மிளகாய் சாஸ், வினிகர். இதற்குமேல் வெள்ளை மிளகுத்தூள் ஒரு சின்ன டப்பா. இவ்வளவுதான் தெருமுனை வண்டியிலும் இருக்கிறது, எட்டிப் பார்த்துவிட்டேன். கருப்பு மிளகு போட்டால் ஏன் கடை ருசி வரவில்லை என்று யோசிப்பவர்கள் வெள்ளை மிளகு வாங்கிப் பாருங்கள், பாதி ரகசியம் அதில்தான். சோயா சாஸில் ஒரு டேபிள்ஸ்பூனுக்குக் கிட்டத்தட்ட 900 மில்லிகிராம் சோடியம், அதாவது இரண்டு கிராமுக்கு மேல் உப்பு. நாம் நிறத்துக்காக அதை ஊற்றிக்கொண்டே போய், பிறகு உப்பும் போடுகிறோம். இரண்டு பேர் சாதத்துக்கு ஒரு டீஸ்பூன் போதும். அதையும் சோற்றின்மேல் ஊற்றாமல் சூடான கடாயின் ஓரத்தில் விட்டால் சுர்ரென்று பொங்கிக் கொஞ்சம் கருகும். அந்தக் கருகலும் கடை வாசனையில் ஒரு பங்கு.

சொந்தமாக அரைப்பது ஷெஸ்வானுக்கு மட்டும் தகும். சோயா சாஸை வீட்டில் செய்ய முடியாது, வினிகரைச் செய்யத் தேவையில்லை. ஷெஸ்வானுக்கு இருபது காய்ந்த மிளகாய், பாதி காஷ்மீரி நிறத்துக்கு, பாதி நம் நீட்டு மிளகாய் காரத்துக்கு. விதையை உதறிவிட்டு வெந்நீரில் அரைமணி ஊறவைத்து அரைக்கவும். கால் கப் எண்ணெயில் பொடியாக நறுக்கிய பூண்டு இருபது பல், ஒரு துண்டு இஞ்சி. பூண்டு பொன்னிறத்துக்கு முன்னாலேயே விழுதைக் கொட்டி, எண்ணெய் பிரியும்வரை சிறுதீயில். உப்பு, சர்க்கரை, ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர். இருமல் வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். எண்ணெயில் கிடக்கும் பூண்டை வெளியே வைக்கக் கூடாது, காற்றில்லாத இடத்தில் வளரும் விஷக்கிருமிக்கு அது வசதியான இடம். ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். எங்கள் வீட்டில் நாலாம் நாளே தோசைக்குத் தொட்டுத் தீர்ந்துவிடுகிறது.

அஜினமோட்டோவைப் பற்றி ஒரு வார்த்தை. 1908-இல் ஜப்பானில் கிக்குனே இகேடா என்ற வேதியியலாளர் கடற்பாசிச் சாறில் கண்டுபிடித்த சுவை அது. 1968-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஒரு கடிதத்தில் கிளம்பிய பயம் இன்னும் ஓயவில்லை. அதற்குப் பின்னால் ஆராய்ந்த, உலக சுகாதார அமைப்பும் ஐ.நா. உணவு அமைப்பும் சேர்ந்து நடத்தும் உணவுச் சேர்க்கை நிபுணர் குழு 1987-இல், இதற்குத் தினசரி உச்சவரம்பு என்று ஓர் எண் வைக்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. உப்பில் 39 சதவீதம் சோடியம், இதில் 12 சதவீதம்தான். நான் இரண்டு பேருக்கு ஒரு சிட்டிகை போடுகிறேன், உப்பைக் குறைத்துக்கொள்கிறேன். என் மாமியார் சாப்பிடும் நாளில் போடுவதில்லை. அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவர் சொல்கிறார், அதில் எனக்கு வாதமில்லை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கூடாது என்று பாக்கெட்டிலேயே போட்டிருக்கும்.

அரிசி

பழைய பாசுமதியை அரைமணி ஊறவைத்து, நிறையத் தண்ணீர் கொதிக்கவைத்து, முக்கால் பதத்தில் வடித்து, தாம்பாளத்தில் பரப்பி ஃபேனுக்குக் கீழே வைத்தால் ஒரு மணி நேரத்தில் தயார். குக்கர் வேண்டாம். மேல்ஈரம் உலர்வதுதான் முக்கியம், ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அன்றாடப் புழுங்கலரிசிச் சோறு? பாசுமதியின் மணமும் நீளமும் கிடைக்காது, ஆனால் புழுங்கல் ஆறினால் ஒட்டாது என்பதால் முட்டை சாதத்துக்கு நன்றாகவே வரும். வாரநாளில் நான் அதைத்தான் போடுகிறேன். சீரகச் சம்பாவை விட்டுவிடுங்கள். அதன் மணமும் பூண்டும் சோயாவும் ஒன்றோடொன்று சண்டை போடும்.

மதியச் சோற்றை ராத்திரிவரை அடுப்புமேடையிலேயே வைத்திருந்து ஃப்ரைட் ரைஸ் போடுகிற பழக்கம் மட்டும் வேண்டாம். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சோறு வெந்தாலும் சாகாது. வெளியே கிடந்தால் பெருகி நஞ்சு விடும். அந்த நஞ்சு மறுபடி எவ்வளவு சூடு காட்டினாலும் போகாது. ஆறியதும், ஒரு மணி நேரத்துக்குள், ஃபிரிட்ஜில் வைத்து மறுநாளைக்குள் முடித்துவிடுங்கள்.

நூடுல்ஸ் இதைவிட லேசு. ஹக்கா நூடுல்ஸைக் கொஞ்சம் முன்னாலேயே வடித்து, பச்சைத்தண்ணீரில் அலசி, ஒரு ஸ்பூன் எண்ணெய் பிசறி வைத்தால் ஒட்டாது. வீட்டு அடுப்பில் சாதத்தைவிட நூடுல்ஸ்தான் தவறாமல் வருகிறது. முதல் தடவை செய்கிறவர்கள் இதில் ஆரம்பித்தால் மனம் விடாது.

சில்லி சிக்கனும் கோபியும் வீட்டுச் சரக்கு

இங்கேதான் தராசு நம் பக்கம் சாய்கிறது. பொரிக்கிற பண்டத்துக்கு அந்த ராட்சச நெருப்பு வேண்டாம், எண்ணெயின் சூடு போதும். எண்ணெய் எத்தனாவது தடவை காய்கிறது என்பதும் நமக்குத் தெரியும். கடையில் அது தெரியாது.

நிறமும் அப்படித்தான். பஞ்சுமிட்டாயில் ரோடமின் பி என்ற சாயம் கிடைத்ததும் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் அதற்குத் தடை வந்தது நினைவிருக்கும். அடுத்த மாதமே கர்நாடகத்தில் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்க்கத் தடை போட்டார்கள். வீட்டில் காஷ்மீரி மிளகாய்த்தூள் இரண்டு ஸ்பூன் போட்டால் வரும் சிவப்பு கடைச் சிவப்பாக இருக்காது. மகன் முதலில் "கலரே இல்லம்மா" என்றான். இப்போது பழகிவிட்டது.

கால் கிலோ எலும்பில்லாத சிக்கன், நெஞ்சுக்கறியைவிடத் தொடைக்கறி நல்லது. அரை டீஸ்பூன் சமையல் சோடா பிசறிக் கால் மணி நேரம் வைத்து நன்றாக அலசிவிட்டால் பஞ்சுபோல வேகும். அலச மறந்தால் சோப்பு ருசி, ஒரு தடவை மறந்திருக்கிறேன். பிறகு ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, உப்பு, மிளகாய்த்தூள், இரண்டு டேபிள்ஸ்பூன் கார்ன் ஃப்ளார், ஒன்று மைதா.

கார்ன் ஃப்ளார் வாங்குவதில் ஒரு வம்பு இருக்கிறது. மளிகைக் கடையில் 'சோளமாவு' என்று கேட்டு எனக்குக் கிடைத்தது வெள்ளைச் சோளத்தை அரைத்த மாவு, தோசைக்குப் போடுவது. நமக்கு வேண்டியது மக்காச்சோளத்திலிருந்து எடுத்த ஸ்டார்ச். விரலால் அழுத்தினால் கறுக்கென்று சத்தம் போடும், பால்வெள்ளை. மஞ்சளாக இருந்தால் அது வெறும் மக்காச்சோள மாவு, அதுவும் ஆகாது.

இரண்டு தடவை பொரிப்பதுதான் மொறுமொறுப்பு. முதலில் மிதமான சூட்டில் வேகவைத்து எடுத்து, ஐந்து நிமிடம் ஆறவிட்டு, நல்ல சூட்டில் மறுபடி ஒரு நிமிடம். பூண்டு, பச்சை மிளகாய், இதழிதழாகப் பிரித்த வெங்காயம், குடைமிளகாய் வதக்கி, ஒரு டேபிள்ஸ்பூன் சோயா, ஒன்று மிளகாய் சாஸ், ஒரு டீஸ்பூன் வினிகர், கால் கப் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் கார்ன் ஃப்ளார் கரைத்து ஊற்றி, பளபளவென்று ஆனதும் பொரித்ததைப் போட்டு இரண்டு புரட்டு. கோபிக்கும் இதே கதைதான். பூவைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்துத் துணியில் ஒற்றி உலர்த்துவது மட்டும் கூடுதல். உலர்த்தாவிட்டால் மாவு கழன்று எண்ணெயில் மிதக்கும். பார்சல் வாங்கும் கோபி வீடு வந்து சேர்வதற்குள் அலுமினிய டப்பாவின் ஆவியில் நொதநொதவென்று ஆகிவிடுகிறது. வீட்டில் அடுப்பிலிருந்து நேரே தட்டுக்கு வரும்போது அந்தப் பிரச்சினையே இல்லை.

ஆக, எந்த நாளில் எது

பணக்கணக்கை மட்டும் பார்த்தால் குழம்பிப்போவீர்கள். எங்கள் தெருவில் ஒரு சிக்கன் ரைஸ் 120 ரூபாய். வீட்டில் அரிசி, முட்டை, கறி, காய், எண்ணெய் என்று போட்டால் பாதிக்குள் முடியும். ஆனால் நாலு பேர் என்றால் நாலு தடவை கடாய் ஏற்ற வேண்டும், ஒரு தடவைக்கு ஆறேழு நிமிடம், கடைசித் தட்டு வருவதற்குள் முதல் தட்டு காலி. கழுவுகிற பாத்திரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

எனவே எங்கள் வீட்டுச் சட்டம் இது. இரண்டு பேர், மூன்று பேர் என்றால் சாதமும் நூடுல்ஸும் வீட்டில், தோசைக்கல்லிலோ இரும்புக் கடாயிலோ, ஒவ்வொரு தட்டாக. நாலு பேர் ஆகிவிட்டாலே சாதம் கடையில். சில்லி சிக்கன், கோபி, மஞ்சூரியன் மட்டும் எத்தனை பேர் வந்தாலும் வீட்டில், முதல் பொரியலை மதியமே முடித்து வைத்துக்கொண்டு. கோபிக்கு அது பொருந்தும். சிக்கன் என்றால் முதல் பொரியலுக்குப் பிறகு ஆறவிட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். குழந்தைக்கு, ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு எப்போதும் வீட்டில்தான், உப்பு நம் கையில் இருக்க வேண்டும். கையில் இருப்பது நான்ஸ்டிக் மட்டும் என்றால் சாதத்தை விட்டுவிட்டு நூடுல்ஸ் செய்யுங்கள்.

இந்த வருடப் பிறந்தநாளுக்குப் பத்துப் பேர். மாஸ்டரிடம் முந்தின நாளே சொல்லி வைத்தேன்: ஆறு எக் ரைஸ், நாலு வெஜ், கலர் பவுடர் வேண்டாம், சைடு டிஷ் வேண்டாம், ஏழரைக்குச் சூடாக.

"சைடு டிஷ் வேணாமா? சில்லி சிக்கன் போட்டுத் தரவாக்கா?"

"அது நான் வீட்டுல போடுறேன் தம்பி."

கடாயில் கரண்டியை ஒரு தட்டு தட்டிவிட்டு, "எந்த அடுப்புல?" என்றார்.